வண்டிக்கு யூ டர்ன், நடப்பவருக்கு?

சென்னை மத்திய கைலாஷ் சந்திப்பில் வலப்புறம் திரும்ப விடாமல், கொஞ்சம் தள்ளிப்போய் யூ டர்ன் எடுக்கச் சொன்னபோது போக்குவரத்து போலீசாரைத் திட்டியவர்கள் நிறைய. நான் அந்தக் கட்சி இல்லை. சர்தார் படேல் சாலையில் ராஜீவ் காந்தி சாலை வந்து முட்டுவது போன்ற மூன்று முனைச் சந்திப்பில், வண்டியும் வண்டியும் உரசக்கூடிய புள்ளிகள் 9. அவற்றில், ஒரு வண்டியின் பாதையை மற்றொன்று குறுக்கே வெட்டுபவை 3. மூன்றுமே வலப்புறத் திருப்பத்தால் வருபவை. உயிரைப் பறிக்கும் பக்கவாட்டு மோதல் நடப்பது அங்கேதான். நான்கு முனை என்றால் அந்த 9, 32 ஆகிவிடும்.

ஆனால் யூ டர்னை ரொம்ப தூரத்தில் வைத்தால் பைக்குகள் எதிர்த்திசையில் ஓரமாக நுழைந்து வரும். 12 மீட்டர் மாநகரப் பேருந்து ஒரே வீச்சில் திரும்ப அகலம் இல்லாவிட்டால், நெரிசல் இடம் மாறியது மட்டுமே மிச்சம்.

என் பெரிய கவலை நடப்பவர்கள்தான். யூ டர்ன் வந்ததும் சந்திப்பின் சிக்னலை எடுத்தால், அவர்கள் கடக்க உதவிய சிவப்பு விளக்கும் போய்விடுகிறது. போன வாரம் அடையாறில் ஒரு பாட்டி. ஒரு கையில் மஞ்சள் பை, மறு கையை வண்டிகளை நோக்கி நீட்டியபடி மீடியனில் நின்றார். இரண்டு அடி வைப்பார், பின்வாங்குவார். கடைசியில் ஓர் ஆட்டோக்காரர் வண்டியைக் குறுக்கே நிறுத்தி அவரைக் கடக்க விட்டார். வலப்புறத் திருப்பத்தை மூடத் தடுப்பு வைக்கும் அன்றே, பட்டனை அழுத்தினால் வண்டிகள் நிற்கும் பாதசாரி சிக்னலையும் வையுங்கள், அந்தப் பாட்டியின் நடைக்குப் போதுமான விநாடிகளோடு.