ஏழிசைக்கு எழுத்தில்லையா?

கணினியில் நிரல் எழுதப் பழகும் இளைஞர்க்கு எளிய பயிற்சி ஒன்றுண்டு. ஓர் இசைத்தொடரைப் படமாக இன்றி, வெறும் எழுத்துகளைக் கொண்டே திரையில் வரைந்து காட்டவேண்டும். பத்து வரிகளில் முடியும் பணி இது. இப்பணியை நம் தமிழ் இளைஞர் எங்ஙனம் செய்கின்றனர்? ஐரோப்பியர் தம் எழுத்துகளையே தம் இசைக்குப் பெயராக்கி வைத்துள்ளனர். அவற்றை அப்படியே எடுத்தாள்வார் ஒரு சாரார். 'நம் நாட்டு முறையில் செய்கின்றோம்' என்று சொல்லிச் சரிகமபதநியை எடுத்து, அதனையும் ஆங்கில எழுத்திலேயே அடித்து வைப்பார் மற்றொரு சாரார். 'தமிழில் ஏன் வரையவில்லை?' என்று கேட்டாலோ, 'தமிழெழுத்துகள் திரையில் ஒழுங்குபட நில்லா. எண்ணினால் கணக்குப் பிழைக்கின்றது' என்று தமிழின் மேலேயே பழி சுமத்துவர்!

அப்பழியை எடுத்து ஆய்வோம். சரிகமபதநி என்று தமிழெழுத்தில் அடித்து, எத்தனை எழுத்தென்று கணினியைக் கேளுங்கள். நம் கண்ணுக்கு எழுத்து 7. கணினி கூறும் விடையோ 9! ஒருங்குறி என்னும் உலகப் பொதுக் குறியீட்டு முறையில் 1991-இல் தமிழுக்கு இடம் ஒதுக்கியபோது, இந்திய எழுத்துகள் பலவற்றையும் ஒரே அச்சில் வார்த்த 1988-ஆம் ஆண்டு முறையையே அடியொற்றினர். உயிர்க்கு ஓர் எண். அகரமேறிய மெய்க்கு ஓர் எண். மேல்விலங்குக்கும் கொம்புக்கும் தனித்தனி எண். ஆகவே, 'ரி' என்னும் ஓரெழுத்து அங்கே இரண்டாக உடைகின்றது. 'நி'யும் அவ்வாறே உடைகின்றது. 247 எழுத்துக்கும் தனித்தனி எண் வழங்கும் குறியீட்டு முறையைத் தமிழ்நாட்டரசு 2010-இல் ஏற்றது. எனினும் உலக வழக்கில் ஒருங்குறியே வேரூன்றிவிட்டது. தமிழெழுத்தின் இயல்பறியாமல் வகுத்தவர் செய்த குறை, தமிழின் குறையாகுமா?

அக்குறையும் இவ்விசைப் பணியில் நம்மைத் தடுக்கவில்லை என்பதுதான் நம் இளைஞர் அறியாத உண்மை! சரிகமபதநி என்பவை சட்சம், இரிடபம் முதலாய வடமொழிப் பெயர்களின் முதலெழுத்துகளாகவே இன்று கற்பிக்கப்பெறுகின்றன. தமிழர் ஏழிசைக்கு இட்ட பெயர்கள் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம். அவற்றுக்குரிய எழுத்துகள் ஆ, ஈ, ஊ, ஏ, ஐ, ஓ, ஔ என்று திவாகரம் வகுத்து வைத்திருக்கின்றது. இவ்வேழும் உயிரெழுத்துகள், ஒருங்குறியில் ஒவ்வொன்றுக்கும் ஒரே எண். இப்பொழுது கணினியைக் கேளுங்கள். 7 என்றே விடை கூறும்! பாடுவார்க்கும் இதுவே பொருந்தும். ச, க, ம, ப, த என்னும் ஐந்தையும் நீட்டிப் பாடினால் ஐந்தும் ஆகாரமாகவே முடியும். ஆ, ஈ, ஊ எனப் பாடினாலோ ஒவ்வோர் இசையும் எவ்வளவு நீண்டாலும் தன் அடையாளம் இழவாது நிற்கும்.

இனி வரையும் வகையைக் காண்க. சிலப்பதிகார உரை ஏழிசைக்கும் அலகு கூறுகின்றது: குரல் 4, துத்தம் 4, கைக்கிளை 3, உழை 2, இளி 4, விளரி 3, தாரம் 2, ஆக 22. இவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டினால் 4, 8, 11, 13, 17, 20, 22 என ஏழிசையும் நிற்குமிடங்கள் கிடைக்கும். நிரலில் ஏழெழுத்துகளை ஒரு வரிசையாகவும் இவ்வேழெண்களை மற்றொரு வரிசையாகவும் வைத்துக்கொள்க. பாடலின் ஒவ்வோர் இசைக்கும் ஒரு வரி. அவ்வரியில் அவ்விசைக்குரிய எண்ணளவு புள்ளியிட்டு, இறுதியில் எழுத்தை இடுக. இதனை மீண்டும் மீண்டும் இயக்க ஒரு மடக்குக் கட்டளை போதும். திரையில் தோன்றுவது இது:

....ஆ
........ஈ
...........ஊ
.............ஏ
.................ஐ
....................ஓ
......................ஔ

காலம் மேலிருந்து கீழாக ஓடுகின்றது. இசை இடமிருந்து வலமாக ஏறுகின்றது. எழுத்துக்குப் பின் அவ்வரியில் வேறொன்றும் இல்லாமையால், எழுத்தின் அகலம் கூடினும் குறையினும் படம் பிழைபடாது. 'ஒழுங்குபட நில்லா' என்ற பழி எங்கே போயிற்று? வலிவு வேண்டின் 22 கூட்டுக. மெலிவும் வேண்டின் படம் முழுவதையும் 22 புள்ளி வலப்புறம் தள்ளிக்கொண்டு, மெலிவிசைக்கு 22 கழிக்க.

நீட்டத்துக்கு என் செய்வது என்பீர்களாயின், அதற்கும் நம் இலக்கணமே வழிகாட்டுகின்றது. நெடில் தன் அளவின் மிக்கு ஒலிக்கும்போது இனக்குறிலை அடுத்து எழுதுவது அளபெடை. ஆவுக்கு அ, ஈக்கு இ, ஊவுக்கு உ, ஏக்கு எ, ஐக்கு இ, ஓவுக்கு ஒ, ஔவுக்கு உ. ஓரிசை எத்தனை வரி நீள வேண்டுமோ, அத்தனை வரியிலும் அதே இடத்தில் அக்குறிலை இடுக:

....ஆ
....அ
...........ஊ
.................ஐ
.................இ

இகரம் ஈக்கும் ஐக்கும் பொதுவாயினும், நிற்குமிடம் வேறாதலின் மயக்கம் இல்லை. இலக்கணமும் நிகண்டும் ஏட்டில் வகுத்த முறை, கணினித் திரையில் கைகொடுக்கின்றது!

'பாட்டுக்கு எந்தக் குறியிட்டால் என்ன?' என்று மெத்தனம் பேசுவாரும் உளர். ஈரோட்டு மாவட்டத்து அறச்சலூர்க் கல்வெட்டைச் சென்று பார்க்கட்டும் அவர்கள்! த, தை, தா முதலாய ஒலிகளை ஐந்து வரியாக, வரிக்கு ஐந்தாகக் கட்டமிட்டுத் தமிழெழுத்தில் பொறித்திருக்கின்றான் தமிழன். 1500 ஆண்டுகளுக்கும் முற்பட்ட பொறிப்பு அது. அத்தகைய முறையை நாம் தொடர்ந்து போற்றாமையால் விளைந்தது என்ன? தேவாரப் பண்களின் பெயர்களை ஏட்டில் வைத்திருக்கின்றோம். அப்பண்கள் அன்று எவ்விசையில் ஏறி எவ்விசையில் இறங்கின என்று இன்றும் வழக்காடிக்கொண்டிருக்கின்றோம். பெயரை எழுதினோம், நடையை எழுதாது விட்டோம். இழந்ததன் தடத்தைத் தேடி ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் கருணாமிர்த சாகரம் தந்தார். விபுலானந்த அடிகள் 1947-இல் யாழ்நூல் தந்தார். அலகு 22 அன்று, 24 என்றே பண்டிதர் வாதிட்டார். அவர் கணக்கை ஆய விரும்புவார்க்கும் இந்நிரலில் ஓர் எண்வரிசையை மாற்றினாற் போதும். வாதம் கண்முன்னே படமாக நிற்கும்.

'கணினிக்குத் தமிழ் தெரியாதே' என்பது இன்னொரு சாக்கு. பைத்தான் என்னும் நிரல்மொழி 2008-இல் வெளிவந்த தன் மூன்றாம் பதிப்பு முதல், நிரலுக்குள் நாம் இடும் பெயர்களைத் தமிழெழுத்திலேயே ஏற்கின்றது. குரல், இளி என்றே பெயரிட்டு எழுதலாம். கட்டளைச் சொற்களும் தமிழாகவே அமைந்த எழில் என்னும் நிரல்மொழியும் உண்டு. தடை கருவியில் இல்லை. தமிழை எடுத்தாளக் கூசும் நெஞ்சில் இருக்கின்றது!

பாலித் தீவினர் தம் எழுத்தோடு தம் இசைக்குறிகளையும் 2006-இல் ஒருங்குறியில் ஏற்றினர். ஐரோப்பியரின் இசைக்குறிகள் 2001-இலும், வேதம் ஓதுவாரின் ஒலிக்குறிகள் 2009-இலும் இடம்பெற்றன. தத்தம் செல்வத்தைத் தாம்தாம் காத்தனர்; அதில் நாம் குறைகூற ஒன்றுமில்லை. நாமோ எவரிடத்தும் சென்று புதுக்குறி கேட்டு நிற்கவேண்டா. நம் ஏழிசை எழுத்துகள் முதல் நாளிலிருந்தே அங்கிருக்கின்றன, எடுப்பார்தாம் இல்லை!

1941-இல் அண்ணாமலை நகரிலும், 1943-இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் கண்டபோதும், தமிழ் மேடையில் தமிழ்ப்பாட்டு ஒலிக்கவேண்டுமென்று கேட்கவே ஓர் இயக்கம் வேண்டியிருந்தது. இன்று மேடையோடு திரையும் சேர்ந்திருக்கின்றது. திரையிலும் தமிழிசையை ஆங்கில எழுத்தின் நிழலில் ஒதுங்க விடுவோமாயின், அன்று போராடியோர்க்கு நாம் என்ன விடை கூறுவோம்?

நிரல் பயிலும் இளைஞரே! உங்கள் ஊர் ஓதுவாரிடம் செல்லுங்கள். நாட்டுப்புறப் பாட்டியரிடம் செல்லுங்கள். அவர்கள் பாடுவதைக் கேட்டு, இசை அறிந்தாரைத் துணைக்கொண்டு, ஒவ்வொரு பாட்டையும் ஆ, ஈ, ஊ எனத் தமிழில் வரைந்து வையுங்கள். பாடிய வாய் ஓய்ந்த பின் பண்ணை எங்கே தேடுவீர்கள்? இன்றே எழுதுக! தமிழிலேயே எழுதுக!