அக்கா இன்னும் பாமசிஸ்ட் ஆகேல்ல

தை மாதக் கடைசியில் ஒரு கலியாண வீடு. மத்தியானப் பந்தியில் பக்கத்தில் இருந்த அன்ரி, எங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஓர் அக்காவைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினா. "அந்தப் பிள்ளை இப்ப கனடாவில பாமசிஸ்ட். ரெண்டரை வருசத்துக்குள்ள எல்லாம் சரிவந்திட்டுது. நீங்களும் ஆர்ட்ஸ் படிக்காமல் அப்பிடி ஏதும் செய்திருக்கலாம்." நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டுப் பேசாமல் சாப்பிட்டோம். அன்று காலமைதான் அந்த அக்கா எங்களோடு வட்ஸ்அப்பில் கதைத்திருந்தா. ரொறன்ரோவில் அப்போது இரவு பத்து மணி. ஒரு வெயார்ஹவுசில் பெட்டி அடுக்கும் வேலைக்குப் போவதற்காகப் பஸ் தரிப்பில் குளிருக்குள் நின்றுகொண்டிருந்தா.

அக்கா எங்களோடு ஒரே போடிங்கில் இருந்தவா. நாங்கள் கலைப்பீடம், அவா பாமசி. பரீட்சை நெருங்கினால் எங்களை நோயாளிகளாக நடிக்கச் சொல்லுவா. ஒருவருக்கு ஆஸ்துமா, மற்றவருக்குச் சலரோகம். இன்ஹேலரை எப்படி இழுக்கவேணும், இன்சுலினை எங்கே வைக்கவேணும் என்று விளங்கும்வரை சொல்லுவா. வேணுமென்றே விளங்காத மாதிரி நடித்தாலும் கோபப்படாமல் திரும்ப முதலில் இருந்து தொடங்குவா. அவா ஒரு நல்ல பாமசிஸ்ட் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கனடாவில் அவா இன்னும் பாமசிஸ்ட் இல்லை. இதை எழுதலாமா என்று கேட்டோம். "பேரையும் ஊரையும் விட்டுப்போட்டு எழுதுங்கோ. அடுத்த பட்ச்சுக்காவது தெரியட்டும்" என்றா.

படித்துவிட்டு வெளிநாடு போகிறவர்களைப் பற்றி எங்களிடம் இரண்டு கதைகள்தான் இருக்கின்றன. "இலவசக் கல்வியில படிச்சுப்போட்டு ஓடுறாங்கள்" என்பது ஒன்று. "அவன் தப்பிட்டான், அவளுக்கு வாழ்க்கை சரி" என்பது மற்றது. இந்த இரண்டு கதையிலும் விமானம் ஏறுவதோடு எல்லாம் முடிந்துவிடுகிறது. ஏறின பிறகு வருகிற மூன்று, நாலு, ஐந்து வருடங்களைப் பற்றி ஒருவரும் கதைப்பதில்லை. போவது சரியா பிழையா என்று நாங்கள் இங்கே தீர்ப்புச் சொல்ல வரவில்லை. அந்த நடு வருடங்களை மறைப்பது பிழை, அதில் எங்கள் எல்லோருக்கும் பங்கிருக்கிறது என்பதுதான் நாங்கள் சொல்ல வந்தது.

முதலில் வழியைப் பார்ப்போம். எங்கட பல்கலைக்கழகங்களில் பாமசிப் பட்டம் நாலு வருடம். முடித்து, இலங்கை மருத்துவ சபையில் பதிந்தால் இங்கே மருந்தாளர். அந்தப் பதிவை வைத்துக்கொண்டு வேறு எங்கேயும் நேராகப் போய் வெள்ளைக் கோட் போட முடியாது.

கனடாவில், கியூபெக் தவிர்ந்த மாகாணங்களில், பி.ஈ.பி.சி எனப்படும் மருந்தகப் பரீட்சைச் சபையின் வழியாகத்தான் போகவேண்டும். முதலில் ஆவணங்களைச் சரிபார்ப்பார்கள். அடுத்தது மதிப்பீட்டுப் பரீட்சை. அதில் சித்தியடைந்தால் இரண்டு பாகமுள்ள தகுதிப் பரீட்சை. முதற்பாகம் பல்தேர்வு வினாக்கள். இரண்டாம் பாகத்தில் நோயாளியாக நடிப்பவர்கள் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களிடம் கேட்டு, விளக்கி, பிரச்சினையைத் தீர்க்கவேண்டும். இதெல்லாம் முடிந்தாலும் மாகாணம் கேட்கிற ஆங்கிலத் தகுதி, சட்டப் பரீட்சை, மேற்பார்வையின் கீழ் வேலை என்று இன்னும் இருக்கிறது.

பிரித்தானியாவில் வெளிநாட்டு மருந்தாளர்களுக்கென்று 'ஓஸ்பாப்' என்ற ஒரு வருடப் பட்டப்பின் படிப்பு இருக்கிறது. அதற்குப் பிறகு 52 வாரப் பயிற்சி. பிறகு பதிவுப் பரீட்சை. அதை மூன்று தடவைக்கு மேல் எழுத முடியாது. ஐ.ஈ.எல்.ரி.எஸ்ஸில் சராசரி 7 இருந்தால் காணாது, நாலு பகுதியிலும் தனித்தனியாக 7 வேண்டும். அவுஸ்திரேலியாவில் 2025 இல் பழைய 'காப்ஸ்' பரீட்சையை எடுத்துவிட்டு 'ஒப்ரா' என்று புதிதாக ஒன்றைக் கொண்டுவந்தார்கள். எனவே சீனியர் தந்த பழைய நோட்ஸை மட்டும் நம்பி இருக்க ஏலாது. அமெரிக்காவின் கதை இன்னும் கடினம். 2003 ஜனவரி 1க்குப் பிறகு பட்டம் பெற்ற வெளிநாட்டவர் ஐந்து வருடப் பாடத்திட்டம் முடித்திருக்கவேண்டும் என்பது அங்கே விதி. நாலு வருடப் பட்டத்தோடு போய்த் தட்டினால் அந்தக் கதவு திறக்காது. வளைகுடா நாடுகளுக்கு வழி கொஞ்சம் குறுகியது. சான்றிதழ்களை 'டேற்றாஃப்ளோ'வில் சரிபார்த்து, 'புரோமெற்றிக்' பரீட்சை எழுதிப் போகலாம். ஆனால் வேலை முடிந்தால் விசாவும் முடியும், நிரந்தரமாக இருக்கலாம் என்று நினைத்து அங்கே போகக்கூடாது.

இவ்வளவையும் நாங்கள் எழுதுவது பயப்படுத்த இல்லை. ஒரு பாமசி மாணவியோடு மூன்று வருடம் ஒரே வீட்டில் இருந்தும், அவா போகும்வரை இதில் பாதியாவது எங்களுக்குத் தெரியாது. அவவுக்கே முழுசாகத் தெரியாது என்பதுதான் கவலை. கொழும்பில் ஒரு ஏஜென்சிக்காரர் "முதல்ல ஸ்ருடன்ற் விசாவில போங்கோ, ஒரு வருசத்தில லைசன்ஸ் எடுக்கலாம்" என்று சொன்னாராம். அக்கா பாமசிக்குச் சம்பந்தமில்லாத ஒரு கல்லூரிப் படிப்புக்குக் கட்டணம் கட்டித்தான் கனடா போனா. அம்மாவின் நகை அடைவில், காணி ஈட்டில்.

நாலு வருடம் படித்தவர்களைத் திரும்ப முதலில் இருந்து படிக்கச் சொல்வது அநியாயம் என்று நாங்களும் கோபப்பட்டோம். அக்காதான் எங்களை அடக்கினா. "முழுக்க அநியாயம் எண்டு சொல்லேலாது" என்றா. நாங்கள் பனடோல் என்று கேட்பதை அங்கே ரைலினோல் என்று கேட்பார்கள், பெட்டியில் பரசிற்றமோல் என்று இருக்காது, அசெற்றமினோஃபென் என்று இருக்கும். காப்புறுதி, மாகாணச் சட்டம் எல்லாம் புதிது. அதைவிடப் பெரிய வித்தியாசம் வேலையிலேயே இருக்கிறது. 2023 ஜனவரியிலிருந்து ஒன்ராறியோவில் மருந்தாளரே சில சிறிய வருத்தங்களுக்கு மருந்து எழுதிக் கொடுக்கலாம். இங்கிலாந்தில் 2024 ஜனவரியில் தொடங்கிய திட்டத்தில் ஏழு வருத்தங்களுக்கு மக்கள் டொக்டரிடம் போகாமல் மருந்தகத்துக்கே போகலாம். அங்கே மருந்தாளர் நோயாளியோடு கதைக்கிற ஆள்.

இங்கே எப்படி? கிளினிக் நாளில் ஆஸ்பத்திரியில் மருந்து எடுக்கப் போனவர்களுக்குத் தெரியும். நீண்ட வரிசை, ஒரு சின்ன யன்னல், அதற்குள்ளால் வருகிற ஒரு கை. அந்தக் கைக்குரியவர் நாலு வருடம் மருந்தைப் பற்றி மட்டும் படித்தவர் என்று வரிசையில் நிற்கிற எத்தனை பேருக்குத் தெரியும்? அவருக்கும் கதைக்க நேரமில்லை, பின்னால் இன்னும் நூறு பேர். வெளியே தனியார் கடைக்குப் போனால் அவர் "மருந்துக்கடைக்காரர்". இத்தனைக்கும் இது பேராசிரியர் சேனக பிபிலேயின் நாடு. 1971 இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தைத் தொடங்கி, மருந்தைக் கொம்பனிப் பேரில் வாங்காமல் மூலப்பெயரில் மொத்தமாக வாங்கி விலையைக் குறைத்துக் காட்டிய நாடு. மருந்தைப் பற்றி அவ்வளவு யோசித்த நாடு மருந்தாளரைப் பற்றி யோசிக்க மறந்துபோனது.

எனவே எல்லோரும் காசுக்காகத்தான் போகிறார்கள் என்று சொல்வதும் சரியில்லை. காசும் காரணம்தான். 2022 இல் சில வாரங்களுக்குள் ஓர் அமெரிக்க டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியதைப் பார்த்த பட்ச் நாங்கள். அதே வருடம் மார்ச்சில் மருந்துத் தட்டுப்பாட்டால் பேராதனைப் போதனா வைத்தியசாலையில் வழமையான சத்திரசிகிச்சைகளை நிறுத்தினார்கள். இல்லாத மருந்துக்கு நோயாளியிடம் பதில் சொல்லவேண்டியவர் யன்னலுக்குப் பின்னால் நிற்கிற மருந்தாளர்தான். அதைப் பார்த்த ஒரு மாணவி, தான் படித்ததைச் செய்யவிடுகிற ஓர் இடத்துக்குப் போக நினைத்தால் அவளை நன்றி கெட்டவள் என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது.

ஆனால் அந்த இடத்தில் என்ன நடக்கிறது? அக்கா இப்போது சனி ஞாயிறுகளில் ஒரு மருந்தகத்தில் உதவியாளர். ஒருநாள் ஓர் அம்மம்மா வந்திருக்கிறா, ஊரில் இருந்து போன ஆள். அக்கா தமிழ் என்று தெரிந்ததும் முகம் மலர்ந்து கேட்டாவாம்: "பிள்ளை, இந்த இரும்புச்சத்துக் குளிசையைத் தேத்தண்ணியோட போடலாமோ?" தேத்தண்ணி இரும்பை உடம்பு உறிஞ்ச விடாது என்பது அக்காவுக்கு இரண்டாம் வருடத்திலேயே தெரியும். ஆனால் ஆலோசனை சொல்ல அவவுக்கு அனுமதியில்லை. உள்ளே போய் மருந்தாளரைக் கூட்டிவந்து, அவர் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் சொல்லியிருக்கிறா. "எனக்குத் தெரிஞ்சதை இன்னொருத்தர் சொல்ல, நான் மொழிபெயர்த்தன்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தா. எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

"வீட்டில என்ன சொல்லியிருக்கிறீங்கள் அக்கா?" என்று கேட்டோம்.

"பாமசியில வேலை எண்டு சொல்லியிருக்கிறன். பொய் இல்லைத்தானே."

பொய் இல்லைத்தான். "பாமசியில வேலை" என்று அவா சொன்னதை "பாமசிஸ்ட்" ஆக்கியது ஊர். அம்மாவுக்கு அது பெருமை, புறோக்கருக்குக் கலியாணப் பேச்சுக்கு வசதி, ஈடு பிடித்தவருக்குக் காசு வரும் என்ற நம்பிக்கை. இவ்வளவு பேர் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, "நான் முதல் தடவை ரெண்டாம் பாகத்தில பெயில்" என்று அக்கா யாரிடம் சொல்லுவா? சொல்ல ஆளில்லாததால், வாரம் ஐந்து இரவு பெட்டி அடுக்கி, பஸ்ஸில் படித்து, மாதக் கடைசியில் வீட்டுக்குக் காசும் அனுப்பிக்கொண்டு, தனக்கு மட்டும்தான் இப்படி நடக்கிறது என்று நினைத்திருக்கிறா. பிறகுதான் தெரிந்தது, அவவோடு வெயார்ஹவுசில் நிற்கிறவர்களில் ஒருவர் இந்தியாவில் பல் வைத்தியர், இன்னொருவர் பிலிப்பைன்ஸில் தாதி.

இந்த மௌனத்துக்கு விலை கொடுப்பவர்கள் அடுத்து வருகிறவர்கள். எங்கள் போடிங்கில் இப்போது இறுதியாண்டு பாமசி படிக்கிற ஒரு தங்கச்சி இருக்கிறாள். அவளும் காணியை ஈடுவைத்து ஏதாவது ஒரு கல்லூரிப் படிப்புக்குப் போவதாக இருந்தாள். கேட்டால், "அந்த அக்கா ரெண்டரை வருசத்தில பாமசிஸ்ட் ஆகிட்டாவே" என்றாள். 2024 இல் கனடா மாணவர் விசாவுக்கு உச்சவரம்பு வைத்ததுகூட அவளுக்குத் தெரியாது. அன்று இரவே அக்காவுக்குக் கோல் எடுத்து இருவரையும் கதைக்க வைத்தோம். இரண்டு மணித்தியாலம் கதைத்தார்கள். தங்கச்சி போகும் எண்ணத்தை விடவில்லை, விடச்சொல்லி அக்கா கேட்கவும் இல்லை. ஆனால் இப்போது ஒழுங்கு மாறியிருக்கிறது. ஆங்கிலப் பரீட்சையையும் ஆவணச் சரிபார்ப்பையும் இங்கே இருந்துகொண்டே முடிக்கப்போகிறாள். அதுவரை காணி ஈட்டுக்குப் போகாது.

"உங்களுக்குப் போக வழியில்லை எண்ட பொறாமையில எழுதுறீங்களோ?" என்று ஒரு நண்பன் கேட்டான். கொஞ்சம் இருக்கலாம். கலைப்பீடத்துக்காரருக்கு எந்த நாட்டிலும் பதிவுப் பரீட்சை இல்லை, எழுதித் தோற்கவும் வழியில்லை. ஆனால் எங்கட கூட்டாளிமார்தான் அந்தப் பஸ் தரிப்பில் நிற்கிறார்கள். அதனால் எழுதுகிறோம்.

நாங்கள் கேட்பது பெரிய காரியம் இல்லை. போன சீனியர்மார், படம் போடுவதோடு சேர்த்து எந்தப் பரீட்சைக்கு எவ்வளவு காலம் போனது, எவ்வளவு காசு போனது, எத்தனை தடவை எழுதினோம் என்பதையும் ஜூனியர்மாருக்குச் சொல்லவேண்டும். பீடங்களும் மாணவர் ஒன்றியங்களும் வருடத்தில் ஒரு நாளாவது இதற்கென்று ஒதுக்கினால், ஏஜென்சிக்காரரின் பேச்சு அவ்வளவு எடுபடாது. வீட்டுக்காரர் "எப்ப காசு வரும்?" என்று கேட்க முதல் "எந்தப் பரீட்சையில நிக்கிறாய்?" என்று கேட்கலாம். பெயில் என்று பிள்ளை சொன்னால் அதையும் கேட்டுக்கொள்ளலாம். இங்கேயே நிற்க விரும்புகிறவர்களுக்கு அந்தச் சின்ன யன்னலைக் கொஞ்சம் பெரிதாக்கி, நோயாளியோடு கதைக்க ஒரு கதிரையும் ஐந்து நிமிடமும் கொடுக்கச் சொல்லி அரசாங்கத்திடம் கேட்பதும் எங்கள் எல்லோருடைய வேலைதான்.

மே மாதம் அக்காவுக்குத் திரும்பவும் இரண்டாம் பாகம். ஞாயிறு இரவு மருந்தகத்தால் வந்ததும் எங்களுக்குக் கோல் எடுப்பா. இங்கே அப்போது திங்கள் காலமை, லெக்சருக்கு முதல் ஒரு மணித்தியாலம். நாங்கள் பழையபடி நோயாளிகள். ஒருவருக்கு ஆஸ்துமா, மற்றவருக்குச் சலரோகம், இந்த முறை எல்லாம் ஆங்கிலத்தில். எங்கட ஆங்கிலத்தைக் கேட்டு அவவுக்குச் சிரிப்பு வரும், சிரித்து முடிய முதலில் இருந்து தொடங்குவா.

அடுத்த கலியாண வீட்டில் அந்த அன்ரியைக் கண்டால் பேசாமல் சாப்பிடப் போவதில்லை. அக்கா இன்னும் பாமசிஸ்ட் ஆகேல்ல அன்ரி, படிச்சுக்கொண்டிருக்கிறா என்று சொல்லப்போகிறோம். அக்காவிடம் கேட்டுவிட்டோம். "ஓம், சொல்லுங்கோ" என்றா.