மகஜரில் இல்லாத வீடு

சில வாரங்களுக்கு முன்னர் யாழ்ப்பாணத்தில் வர்த்தகர்கள் கூடிய கலந்துரையாடல் ஒன்றில் பின்வரிசையில் இருந்தேன். அரசாங்கத்திடம் கையளிக்கவிருந்த மகஜரின் வரைபு எல்லோர் கையிலும் இருந்தது. பலாலி ஓடுபாதையை நீட்ட வேண்டும், காங்கேசன்துறையில் சரக்குக் கப்பல் வர வேண்டும், காங்கேசன்துறை, பரந்தன், மாங்குளம் கைத்தொழில் வலயங்களை விரைவுபடுத்த வேண்டும், வங்கி வட்டி குறைய வேண்டும். இரண்டு பக்கம். வீடு என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை.

தேநீர் இடைவேளையில் எனக்குத் தெரிந்த இரும்புக்கடை முதலாளி ஒருவரிடம் இதைக் கேட்டேன். "அது சமூக சேவைப் பகுதி பாக்கிற அலுவல் தம்பி. இது வியாபாரக் கதை" என்றார். சீமெந்தும் கம்பியும் விற்றே கடையை இரண்டு மாடியாக்கியவர் அவர்.

மகஜரில் உள்ளவை நியாயமற்றவை என்று நான் சொல்லவில்லை. 2006 இல் ஏ9 வீதி மூடப்பட்டபோது யாழ்ப்பாணத்தில் கடை வைத்திருந்த எவருக்கும் பாதையின் அருமையை யாரும் விளக்கத் தேவையில்லை. பலாலி 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. இன்றுவரை அங்கு வந்துபோவது ஏடிஆர் ரகச் சிறிய விமானங்கள்தான். நாகபட்டினம் – காங்கேசன்துறை பயணிகள் கப்பல் 2023 ஒக்டோபரில் தொடங்கிச் சில நாட்களிலேயே நின்றது. 2024 ஓகஸ்டில்தான் மீண்டும் ஓடியது. இந்த நிச்சயமின்மையை நம்பி யாரும் முதலிட மாட்டார்கள்.

ஆனால், யுத்தத்துக்குப் பின்னர் வடக்கில் சாதாரண சனங்களின் கையால் செலவான பெரிய பணம் எது? இந்திய வீட்டுத்திட்டப் பணம். மொத்தம் 50,000 வீடுகள், அவற்றில் பெரும்பகுதி வடக்கு, கிழக்கில். வீடொன்றுக்கு ஐந்தரை இலட்சம் ரூபாய் கட்டம் கட்டமாகப் பயனாளியின் வங்கிக் கணக்குக்கே வந்தது. வீட்டைக் கட்டியது ஒப்பந்தகாரர் அல்ல, பெரும்பாலும் வீட்டுக்காரரே. அந்த ஆண்டுகளில் கிளிநொச்சிப் பக்கம் போனவர்களுக்கு நினைவிருக்கும். மேசன் கிடைப்பதே பெரும்பாடு. சந்திக்குச் சந்தி கல் அரிந்தார்கள். மணல் ஏற்றிய உழவு இயந்திரங்களுக்கு ஓய்வில்லை. தச்சுப்பட்டறை, சாப்பாட்டுக்கடை, துவிச்சக்கரவண்டிக் கடை என்று அந்தப் பணம் ஊருக்குள் சுற்றியது.

சுற்றிய அளவுக்கு வெளியேயும் போனது. சீமெந்து, கம்பி, கூரைத்தகடு எல்லாம் வெளியிலிருந்து வந்தவை. ஊரில் தங்கியது கூலியும் கல்லும் மணலும் மரமுந்தான். ஐந்தரை இலட்சம் போதவும் இல்லை. அக்கராயனில் என் சின்னம்மா கூரை மட்டம் வரை கட்டிவிட்டு, மிச்சத்துக்கு நகையை அடகு வைத்தார். பிறகு நுண்கடன். வீட்டின் பின்சுவருக்கு இன்றைக்கும் பூச்சில்லை. ஒரு யன்னலுக்குச் சாக்குத்தான் கதவு. கடன் முடிந்தது போன வருடம்.

இதே வீட்டுப் பணத்தை வேறு விதமாகச் செலவழிக்கவும் ஒரு முயற்சி நடந்தது. 2015, 2016 காலத்தில் பேசப்பட்ட 65,000 பொருத்து வீடுகளை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். உலோகத்தால் ஆன வீடொன்றுக்கு ஏறத்தாழ 21 இலட்சம் ரூபாய், செய்து தருவது பன்னாட்டு நிறுவனம். அந்தச் செலவில் இரண்டு கல்வீடு கட்டலாம் என்று பொறியியலாளர்களும் சிவில் சமூகத்தினரும் மக்கள் பிரதிநிதிகளும் எதிர்த்தார்கள், இறுதியில் திட்டம் கைவிடப்பட்டது. நடந்திருந்தால் மேசனுக்கும் கல் அரிபவருக்கும் இரும்புக்கடைக்கும் எதுவும் மிஞ்சியிருக்காது. அதிகம் இழக்கவிருந்த தரப்பின் குரல்தான் அன்று என் காதில் குறைவாக விழுந்தது.

ஓடுபாதைக்கு வருகிறேன். பலாலியைச் சுற்றி இருப்பது வெறும் நிலமல்ல. 1990 ஜூனில் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தவர்களின் காணிகள் அவை. ஒரு பகுதி விடுவிக்கப்பட்டது. மிச்சத்துக்கு உறுதியை வைத்துக்கொண்டு இன்னும் வாடகை வீட்டில் இருப்பவர்கள் இருக்கிறார்கள். ஓடுபாதையை நீட்டுங்கள் என்று ஒரு வரி எழுதி, காணிக்காரரைப் பற்றி ஒரு வரியும் எழுதாத மகஜர் யாருடைய பக்கம் நிற்கிறது? அளவை செய்ய முதல் உரித்தாளர் பட்டியல், சந்தைப் பெறுமதியில் நட்டஈடு, விமான நிலையத்துக்குத் தேவைப்படாத காணியின் விடுவிப்பு என்ற மூன்றையும் வர்த்தகர்களே கேட்டால், விமான நிலையம் சனங்களுக்கும் வேண்டியதாகும். கேட்காவிட்டால், நாளை அங்கே நடக்கும் ஒவ்வொரு கவனயீர்ப்புப் போராட்டமும் அவர்களுக்கும் எதிரானதுதான்.

2025 வரவு செலவுத் திட்டத்தில் வட மாகாண வீதிகளுக்கு 5,000 மில்லியன், வட்டுவாகல் பாலத்துக்கு 1,000 மில்லியன், இடம்பெயர்ந்தோரின் வீடுகளுக்கு 1,500 மில்லியன் ரூபாய் ஒதுக்கப்பட்டது. பாலம் வேண்டும். அந்த ஒடுங்கிய பாதையால் முல்லைத்தீவுக்குப் போனவர்கள் மறுக்கமாட்டார்கள். ஆனால், வீட்டுக்கான தொகையை வீடொன்றுக்கு 15 இலட்சம் என்று பிரித்தால் ஆயிரம் வீடு வரும். அதற்குமேல் இல்லை. நெருக்கடிக்கு முதல் ஆயிரம் ரூபாய் அளவில் இருந்த சீமெந்துப் பை 2022 இல் மூவாயிரத்தைத் தாண்டியது. உதவித் தொகையைப் பொருள் விலையோடு சேர்த்து ஏற்றுங்கள், பணத்தை வீட்டுக்காரர் கையிலேயே கொடுங்கள், கல்லையும் மரவேலையையும் அந்தந்தப் பிரதேசத்தில் வாங்க வழி செய்யுங்கள் என்று கேட்க வர்த்தகர்களை விடப் பொருத்தமானவர்கள் யார்? கணக்குத் தெரிந்தவர்கள் அவர்கள். கொழும்பில் அவர்கள் சொல்வதற்கு ஒரு காது உண்டு. என் சின்னம்மாவுக்கு அது இல்லை.

கூட்ட முடிவில் எழுந்து, வீட்டைப் பற்றி ஒரு பந்தி சேர்க்க முடியுமா என்று கேட்டேன். நேரம் போய்விட்டது, அடுத்த முறை பார்ப்போம் என்றார்கள். வெளியே மோட்டார் சைக்கிளை எடுக்கும்போது அந்த இரும்புக்கடை முதலாளி பக்கத்தில் வந்தார்.

"ஆயிரம் வீடு எண்டனீர் என்ன? ஒரு வீட்டுக்கு இருநூறு பை சீமெந்து எண்டு வைப்பம்…" கைத்தொலைபேசியை எடுத்துத் தட்டத் தொடங்கினார். கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அந்த வரைபு உம்மட்டை இன்னொண்டு இருக்கோ?"