படம் வைப்பதா, விடுவதா?

ஒக்டோபர் முடியும் நாட்களில் மெக்சிக்கோ நாட்டுச் சந்தைகளில் மஞ்சள் செவ்வந்திப்பூ வண்டி வண்டியாக வந்து இறங்கும். நவம்பர் 1ஆம் திகதி இறந்த பிள்ளைகளும், 2ஆம் திகதி பெரியவர்களும் வீட்டுக்கு வந்து போவார்கள் என்பது அங்குள்ளவர்களின் நம்பிக்கை. எங்கள் கத்தோலிக்கச் சகோதரிகள் சேமக்காலைக்கு மெழுகுதிரி கொண்டு போகும் நாளும் அந்த 2ஆம் திகதிதான். மெக்சிக்கோவில் அதனோடு பழங்குடி மக்களின் வழக்கமும் கலந்திருக்கிறது. 2008இல் யுனெஸ்கோ இதனை மனித குலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

வீட்டில் ஒரு மேசை போட்டு, அதில் இறந்தவரின் படத்தை வைப்பார்கள். தூரத்திலிருந்து வருகிறவரின் தாகத்துக்கு ஒரு குவளை தண்ணீர், கொஞ்சம் உப்பு, அந்த நாளுக்கென்றே சுடும் இனிப்புப் பாண், பிறகு அவர் விரும்பிச் சாப்பிட்டவை. புகைத்தவராயின் சிகரெட்டும் உண்டு! சாம்பிராணி போன்ற ஒரு பிசினைப் புகைப்பார்கள். வாசலிலிருந்து மேசை வரை பூவிதழ் தூவுவது, வருகிறவர் வழி தவறாமல் வரவேண்டும் என்பதற்காக. நினைக்க ஒருவருமில்லாத ஆன்மாவுக்கென்று தனியாக ஒரு மெழுகுதிரி ஏற்றும் வீடுகளும் இருக்கின்றன. புவெப்லா மாநிலத்து உவாக்கெச்சூலா ஊரில், அந்த ஆண்டில் இறந்தவருக்கு வெள்ளைத் துணியால் தட்டுத் தட்டாக உயர்ந்த பீடம் எழுப்புவார்கள். பார்க்க வரும் அந்நியரையும் இருத்திச் சாப்பாடு கொடுத்தே அனுப்புவார்கள். செலவு கொஞ்சமல்ல.

இறந்தது தெரிந்தவருக்கு இதெல்லாம் செய்யலாம். தெரியாதவருக்கு?

மெக்சிக்கோவில் காணாமற்போனோரின் அரசாங்கப் பதிவு 2022 மே மாதத்தில் ஒரு இலட்சத்தைத் தாண்டியது. அவர்களுடைய தாய்மார் கூட்டமாகச் சேர்ந்து, வெறுங்காணிகளில் இரும்புக் கம்பியை நிலத்தில் இறக்கி, அதன் நுனியை மணந்து பார்த்துப் பிள்ளைகளைத் தேடுகிறார்கள். நவம்பர் வந்தால் படத்தை மேசையில் வைப்பதா, விடுவதா என்பது இவர்களுக்குப் பெரிய கேள்வி. வைத்தால் பிள்ளை இறந்துவிட்டான் என்று தாங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று மறுப்பவர்கள் இருக்கிறார்கள். வைத்து ஒரு திரி கொளுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பேரையும் குறை சொல்ல மற்றவருக்கு என்ன உரிமை இருக்கிறது? மரணச் சான்றிதழை எடுங்கள் என்று நெருக்கப்பட்ட எம் சகோதரிகளுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

படம் வைக்காத தாய்மாரும் அந்தப் படத்தை வெளியே கொண்டுவரும் நாள் ஒன்று உண்டு. மே 10 அங்கே அன்னையர் தினம். 2012இல் தொடங்கிய வழக்கப்படி, அன்று அவர்கள் பிள்ளைகளின் படங்களை நெஞ்சில் மாட்டிக்கொண்டு, "எங்கே எங்கள் பிள்ளைகள்?" என்று கேட்டுத் தலைநகரின் தெருவில் நடக்கிறார்கள்.