வந்த நாயை அடிக்காதீங்க

பொங்கலுக்கு என் தம்பி மகன் சென்னையிலிருந்து வந்திருந்தான். கூடவே அவன் வளர்க்கிற லேப்ரடார் நாயும். சாயங்காலம் காட்டுப் பக்கம் கூட்டிட்டுப் போனோம். எங்க ஊர்ல மானாவாரி நிலத்தைக் காடுன்னுதான் சொல்லுவோம். நாய் கொஞ்சம் சுதந்திரமா ஓடட்டுமேன்னு சங்கிலியைக் கழட்டி விட்டான். அறுக்காம நின்ன மக்காச்சோளத்துக்குள்ள ஒரு மயில் போச்சு. அதைப் பார்த்ததுதான் தெரியும், நாயைக் காணோம். பேரைச் சொல்லி இருபது தடவையாவது கூப்பிட்டிருப்பான். கால் மணி நேரம் கழிச்சு நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டு அதுவா வந்துச்சு. வந்ததும் சங்கிலியை மடிச்சு ஓங்கிட்டான். நான் கையைப் பிடிச்சுக்கிட்டேன்.

"தப்பு பண்ணுனா அடிக்க வேணாமா பெரியப்பா?"

"அது போனதுக்கு நீ அடிக்கலப்பா. திரும்பி வந்ததுக்கு அடிக்கிற."

இது நான் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டது இல்லை. மணியைப் பறிகொடுத்துத் தெரிஞ்சுக்கிட்டது.

மணி எங்க வீட்டுல ஆறு வருஷம் இருந்த நாய். மயிலைக் கண்டாலும் முயலைக் கண்டாலும் விரட்டிக்கிட்டு ஓடிடும். திரும்பி வந்ததும் கயித்தால ரெண்டு போடுவேன். புத்தி வரும்னு நினைச்சேன். வந்தது வேற புத்தி. கூப்பிட்டா ஐம்பதடி தள்ளியே நிக்க ஆரம்பிச்சுது. வாலை இடுக்கிக்கிட்டு என் முகத்தைப் பார்க்காது, கையைத்தான் பார்க்கும். ஒருநாள் சாயங்காலம் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னுச்சு. அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏத்திப் போற லாரிகளை நீங்க பார்த்திருப்பீங்க. ரோடு காலியா இருந்தப்பவே கூப்பிட்டேன். வரல. இன்னும் சத்தமாக் கூப்பிட்டேன். தயங்கித் தயங்கி அது கிளம்பின நேரத்துக்கு லாரி வந்துடுச்சு. டிரைவர் மேல தப்பே இல்லை. முதல் தடவை கூப்பிட்டப்பவே வந்திருந்தா பிழைச்சிருக்கும். வர விடாம பண்ணினது என் கைதான்.

நாய்க்கு நேத்து செஞ்சதுக்கு இன்னைக்குத் தண்டனைங்கிற கணக்கெல்லாம் கிடையாது. கடைசியா என்ன செஞ்சுச்சோ, அதோடதான் அடியையும் சோத்தையும் முடிச்சுப் போட்டுக்கும். ரஷ்யாவுல பாவ்லோவ்னு ஒரு விஞ்ஞானி. ஒரு சத்தத்தைக் கேட்கவச்சு உடனே சோறு போட்டுப் பழக்கினா, பிறகு சத்தத்துக்கே நாய்க்கு எச்சில் ஊறும்னு காட்டினார். அதே சத்தத்தைச் சோறு போடாம திரும்பத் திரும்பக் கேட்கவச்சா, எச்சில் ஊறுறது குறைஞ்சு நின்னு போகும்னும் காட்டினார். நாம கூப்பிடுற பேரும் அப்படிப்பட்ட சத்தம்தான். வெறுமனே இருபது தடவை கத்தினா, அது காத்துல போற சத்தம்.

இப்ப இருக்கிற செவலையை வேற மாதிரி பழக்கினேன். கூப்பிட "தோ தோ" மட்டும்தான். அதுவும் ஒரே தடவை. வந்தா விரல் நுனி அளவு கருவாடு, கழுத்துல ஒரு தடவல். முதல்ல வீட்டு வாசல்ல, அப்புறம் களத்துமேட்டுல, அப்புறம் ஆடு மேயுற இடத்துல. முப்பதடிக் கயிறு கட்டி மூணு மாசம் நடந்தோம். கயிறு இழுக்கிறதுக்கு இல்லை, தொலைஞ்சு போகாம இருக்கிறதுக்கு. வரலைன்னா நான் துரத்த மாட்டேன். துரத்தினா அதுக்கு அது விளையாட்டு. எதிர்ப்பக்கமா ஓடுவேன், இல்லைன்னா குத்துக்காலிட்டு உட்காருவேன். அதுவே என்னைத் தேடி வந்துடும்.

பட்டணத்துக்காரங்க செய்யுற இன்னொரு தப்பையும் சொல்லிடறேன். நடை முடிஞ்சு கட்டுறதுக்கு மட்டும்தான் நாயைக் கூப்பிடுவீங்க. அப்ப உங்க குரல் கேட்டாலே ஆட்டம் முடிஞ்சுதுன்னு அதுக்குத் தெரியும். எதுக்கு வரும்? நடுநடுவே கூப்பிடுங்க, தின்னக் கொடுங்க, "போ"ன்னு மறுபடியும் விட்டுடுங்க. அஞ்சு தடவை கூப்பிட்டா நாலு தடவை விட்டுடணும்.

இவ்வளவு பழக்கியும் செவலையை எல்லா இடத்துலயும் அவுத்து விடுறதில்லை. சிப்பிப்பாறை, கன்னி மாதிரி நம்ம நாட்டு நாய்கள் கண்ணால பார்த்து விரட்டுறதுக்குன்னே தலைமுறை தலைமுறையா வளர்க்கப்பட்டதுங்க. ஓட ஆரம்பிச்சிட்டா நம்ம குரல் காதுல ஏறாது. அது திமிர் இல்லை, ரத்தம். மயிலும் மானும் 1972ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துல இருக்கு. நாய் கடிச்சா நாய்க்குக் கேஸ் கிடையாது, நமக்குத்தான். கரைவெட்டிக்குப் பறவை பார்க்க வர்றவங்களும் இதை மனசுல வச்சுக்கணும். 2024 ஜனவரியில ராம்சார் பட்டியல்ல சேர்ந்த ஏரி அது. எங்கெங்கிருந்தோ பறந்து வந்து இறங்குற வாத்துகளை உங்க நாய் ஒரு நிமிஷத்துல கிளப்பி விட்டுடும். அங்கே கயிறு கையிலேயே இருக்கட்டும்.

என் கருத்து இதுதான். நாய் எவ்வளவு நேரம் கழிச்சு வந்தாலும் சரி, உங்களுக்கு எவ்வளவு கோபம் இருந்தாலும் சரி, திரும்பி வந்த நாய்க்கு அடி கூடாது. கோபத்தை முழுங்கிட்டு ஒரு தடவு தடவுங்க. அடுத்த தடவை ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிக்கும்போது அதுதான் காப்பாத்தும்.

தம்பி மகன் ஊருக்குக் கிளம்பும்போது பாதிக் கருவாட்டுப் பொட்டலத்தைக் கேட்டு வாங்கிட்டுப் போனான். கார்ல நாத்தம் அடிக்குதுன்னு அவன் பொண்டாட்டி மூக்கைப் பொத்திக்கிச்சு. பரவாயில்லை, நாய் வந்துடும்.