பத்தில் ஒரு பங்கு போதுமா?

கியூபாவின் தலைநகரான ஹவானாவிலிருந்து மேற்கே சுமார் 180 கிலோமீட்டர் சென்றால் வினியாலெஸ் பள்ளத்தாக்கு. செம்மண் பூமி. நடுநடுவே கவிழ்த்து வைத்த குதிர்கள் போலச் சுண்ணாம்புப் பாறைக் குன்றுகள். 1999-ல் யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. வெளிநாட்டுப் பயணிகள் வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொண்டு, குதிரையிலோ நடந்தோ வயல்களைச் சுற்றி வருகின்றனர்.

வழிகாட்டி முதலில் காட்டுவது ஏர். இரண்டு எருதுகள் பூட்டி உழுவதைக் கண்டு பயணிகள் வியக்கின்றனர், படம் பிடிக்கின்றனர். உழுகிறவரைக் கேட்டால் அல்லவா தெரியும்! 1991-ல் சோவியத் யூனியன் கலைந்த பின், கியூபாவுக்கு மலிவாக வந்த எண்ணெயும் உரமும் நின்றுபோயின. டிராக்டர்கள் முடங்கின, நாடெங்கும் காளைகளைப் பழக்கி நுகத்தில் பூட்டினர். மாட்டு உழவில் மண் இறுகாது என்பது உண்மையே. ஆனால், விரும்பி மாடு பூட்டுவது வேறு; டீசல் இல்லாமல் பூட்டுவது வேறு.

அடுத்து, ஓலை வேய்ந்த புகையிலைக் கொட்டகை. அக்டோபர், நவம்பரில் நாற்று நட்டு, நுனி கிள்ளி, பக்கக் கன்று ஒடித்து, ஜனவரி முதல் இலைகளைப் பறிக்கின்றனர். அவற்றை ஊசி நூலால் கோத்துக் கழிகளில் தொங்கவிட்டு, ஏறக்குறைய 50 நாள் நிழலில் பாடம் செய்கின்றனர். ஈரம் ஏறினால் இலை பூஞ்சணம் பிடிக்கும். அதிகம் காய்ந்தால் நொறுங்கும். கதவைத் திறப்பதும் அடைப்பதுமாகக் குடும்பமே காவல் இருக்கிறது.

இத்தனை பாடுபட்ட இலையில் 90 சதவீதத்தை அரசு நிறுவனத்துக்கு, அது வைத்த விலைக்கே தர வேண்டும். மீதிப் பத்து சதவீதம்தான் விவசாயியின் கையில். அதைச் சுருட்டாகச் சுற்றி, முனையைத் தேனில் தோய்த்துக் காட்டிப் பயணிகளிடம் விற்கிறார். அந்த விற்பனையில் வழிகாட்டிக்கும் பங்கு போவது ஊரறிந்த சங்கதி. அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆளை அழைத்து வருபவர் அவரே.

அரசுக் கொள்முதலால் விற்பனைக்கு உறுதி உண்டு. இடுபொருளும் அரசு வழியே வருகிறது. அது சிறு உதவியன்று. ஆனால், கைச்செலவுக்குப் பயணியை நம்பியிருப்பது வானம் பார்த்த பூமியைவிட மோசம். 2018-ல் கியூபாவுக்கு வந்தவர்கள் சுமார் 47 லட்சம் பேர். 2024-ல் சுமார் 22 லட்சம் பேரே. இதற்கிடையில், 2022 செப்டம்பரில் வீசிய இயான் புயல் ஆயிரக்கணக்கான கொட்டகைகளைச் சாய்த்தது. பயணி வராத ஆண்டிலும் கொட்டகைக்கு மரமும் ஆணியும் வாங்கியாக வேண்டும்.

விவசாயி தானே விற்றுக்கொள்ளும் பங்கைப் பத்தில் இரண்டாகவாவது உயர்த்துவதே நியாயம். கொள்முதல் விலை குறிக்கும்போது அவரையும் அழைத்துக் கேட்க வேண்டும். ஏரைக் காட்டுகிற வழிகாட்டி, இந்தக் கணக்கையும் பயணிகளுக்கு எடுத்துச் சொல்லலாம்.