ஆப்பை டெலீட் பண்ணிட்டீங்க சரி, ஆட்டோபே நின்னுச்சா?

"1 ரூபாய்க்கு 7 நாள் ட்ரையல்" விளம்பரத்தை எல்லாரும் பார்த்திருப்பீங்க. ஓடிடி, ஃபிட்னஸ், இங்கிலீஷ் கத்துக்கிற ஆப்னு எல்லா இடத்திலும் இதே கதைதான். என்னைக் கேட்டா, அந்த 1 ரூபாய் ஒரு விஷயமே இல்லை. அதுக்காக நீங்க போடுற யூபிஐ பின்தான் விஷயம்.

அந்தப் பின்னைப் போடும்போது ஆட்டோபே மேண்டேட்டுக்கு அனுமதி கொடுக்கிறீங்க. அதிகபட்சம் எவ்வளவு எடுக்கலாம், எத்தனை நாளைக்கு ஒருமுறை, எந்தத் தேதி வரைக்கும்னு அதே ஸ்க்ரீன்ல இருக்கும். யாரும் படிக்கிறதில்லை. அப்புறம் ஆப்பை டெலீட் பண்ணினாலும் மேண்டேட் அப்படியே உயிரோட இருக்கும்.

மாசம் 499 ரூபாய்னா வருஷத்துக்கு 5,988. கையில 30,000 சம்பளம் வாங்குறவருக்கு இது கிட்டத்தட்ட 6 நாள் சம்பளம். பார்க்காத படத்துக்கு, திறக்காத ஆப்புக்கு!

பணம் எடுக்க 24 மணி நேரம் முன்னாடி தகவல் சொல்லணும்னு ரிசர்வ் வங்கி விதி இருக்கு. நல்ல விதிதான். ஆனா ஓடிபி, ஆஃபர் மெசேஜ்களுக்கு நடுவுல அதை யார் கவனிக்கிறா? சாதாரண சந்தாவுக்கு 15,000 ரூபாய் வரைக்கும் மறுபடி பின் கேட்க வேண்டியதும் இல்லை. மூணு மாசமா திறக்காத சேவைன்னா மறுபடி பின் கேட்டே ஆகணும்னு விதி வரணும். இது என் கருத்து.

சேர்றது சுலபம், வெளியேறுறது கஷ்டம்னு வைக்கிற சந்தாப் பொறியை, 2023 நவம்பர்ல வந்த மத்திய அரசு வழிகாட்டுதல் 13 டார்க் பேட்டர்ன்கள்ல ஒண்ணா சேர்த்திருக்கு. கேன்சல் பண்ண விடாம அலைக்கழிச்சா 1915-க்கு கூப்பிட்டுப் புகார் கொடுங்க.

இன்னைக்கே மூணு இடத்தைப் பாருங்க: யூபிஐ ஆப்ல ஆட்டோபே பகுதி, ப்ளே ஸ்டோர்ல சப்ஸ்க்ரிப்ஷன்ஸ், கார்டு கொடுத்த பேங்கோட இ-மேண்டேட் பக்கம். தேவையில்லாததை கேன்சல் பண்ணுங்க. ஆனா ஒண்ணு, லோன் இஎம்ஐ, இன்சூரன்ஸ், எஸ்ஐபி மேண்டேட்டும் அதே லிஸ்ட்ல இருக்கலாம். அவசரத்துல இஎம்ஐ மேண்டேட்டைத் தூக்கிட்டா அபராதமும் வரும், கிரெடிட் ஸ்கோரும் அடி வாங்கும். பேரைப் படிச்சுப் பார்த்துட்டு கேன்சல் பண்ணுங்க.

உங்க லிஸ்ட்ல எத்தனை இருந்துச்சு, எத்தனையைத் தூக்குனீங்கன்னு கமெண்ட்ல சொல்லுங்க!